ரெங்கம்மாவின் வலது கை

கட்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் பால் வெட்டியவள் ரெங்கம்மா. பட்டையை மட்டும் சீவ வேண்டும். கத்தி உள்மரத்தைத் தொட்டால் அந்த இடம் புடைத்துக்கொள்ளும், அப்புறம் பால் ஒழுங்காக வராது. அவள் வெட்டிய முந்நூறு மரங்களில் ஒரு புடைப்பைக் காட்டுங்கள் பார்க்கலாம்! அந்தக் கைதான் பக்கவாதத்தில் விழுந்தது. பகையாளிக்கும் வரக்கூடாத கஷ்டம்.

புருஷன் முனியாண்டி அவளைக் கப்பலேற்றித் தீவுத் தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, அங்கே பத்துபஸ்தியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தினமும் பிசியோதெரபிக்கு அழைத்துப்போனார். தோட்டத்து மேஸ்திரி இரண்டு மாசம் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கை வராவிட்டால் அவள் மரங்கள் பக்கத்து வரிசையில் வெட்டும் சுகுணாவுக்குப் போய்விடும்.

பத்தாம் நாள், பிசியோதெரபி பார்க்கும் ஸ்வப்னா முன்கையில் மெஷினால் கரண்ட் வைத்ததும் விரல்கள் தாமாக மடங்கின. முனியாண்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்வப்னா தடுப்பதற்குள், பையில் வைத்திருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்து அந்த விரல்களுக்குள் செருகிவிட்டார். பிடி இறுகியது. அவசரக்குடுக்கை மனுஷன், உடனே வராந்தாவுக்கு ஓடி மேஸ்திரிக்குப் போன் போட்டு, அடுத்த கப்பலில் வருகிறோம் என்று சொல்லியே விட்டார்.

திரும்பி வந்தவரிடம் ரெங்கம்மா மெதுவாகச் சொன்னாள்: "கை பிடிக்குதுதாங்க. ஆனா நான் பிடிக்கல."

ஸ்வப்னா கத்தியை வாங்கி வைத்துவிட்டு மெஷினை அணைத்தாள். "மெஷின் பந்த் பண்ணிட்டேன்மா. அபி, இப்போ நீங்களே மடக்குங்க."

விரல்கள் தளர்ந்து விரிந்தன. ரெங்கம்மா பல்லைக் கடித்தாள், நெற்றி வியர்த்தது. கட்டைவிரல் நுனி மட்டும் லேசாகத் துடித்தது.

கரண்ட், அகப்பட்ட தசை இழைகளை எல்லாம் ஒரேயடியாக இழுக்கும், சீக்கிரமே களைக்கவும் வைக்கும் என்றாள் ஸ்வப்னா. நாமாக மடக்கும்போது சின்ன இழைகள் முதலில் எழும், வேண்டுமானால்தான் பெரியவை வரும். கரண்ட் தசையை வாடாமல் காக்கும். மூளையின் கட்டளை திரும்பி வர மாசக்கணக்காகலாம், வராமலும் போகலாம். ரெங்கம்மாவுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எந்த மரத்துக்கு எவ்வளவு அழுத்தம் என்பது அவளுக்குத்தான் தெரியும், மெஷினுக்கு என்ன தெரியும்?

முனியாண்டி மறுபடியும் போனை எடுத்தார். மேஸ்திரியின் குரல் கேட்டதும் அழுதுவிட்டார். ரெங்கம்மா இடது கையால் போனை வாங்கிக்கொண்டாள்.

"மேஸ்திரி, என் மரத்தையெல்லாம் சுகுணாவுக்கே குடுத்துடுங்க. ஆழமா வெட்டிடாம பாத்துக்கச் சொல்லுங்க."