வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்

மருங்காபுரி மேய்ச்சல் நிலத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கொழுக்கட்டைப் புல்லைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். ஆடு மேய்ந்ததுபோல வெட்டினால் மறுபடி தழைக்கிறதா என்று ஆராயத்தான் திருச்சியிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறுகிறேன். ஆடுகள் நுழையாமலிருக்க பிளாக் ஆபீஸ் புதிதாகப் போட்ட கம்பி வேலிக்கு வெளியே, செம்மறிகளோடு ஒரு பெண் நிற்கிறாள்.

“என் ஆட்டை வெரட்டிட்டு நீங்க மேயிறீங்களா?”

போன மாதம் வெட்டிய புல்லைக் காட்டுகிறேன். ஆடு தின்னாத கொளுஞ்சிச் செடிகளைப் பிடுங்கிய பாத்தியில் தழைத்திருக்கிறது. கொளுஞ்சி நெருக்கும் பாத்தியில் கருகிக் கிடக்கிறது.

“அப்ப கொன்னது கொளுஞ்சி. பழி என் ஆட்டு மேலயா?”

“ரெண்டும் சேர்ந்துதாங்க...”

“அப்ப ரெண்டையும் வெளிய நிறுத்துங்க. இல்ல, ரெண்டையும் உள்ள விடுங்க!”

வேலி வாசலில் இருந்த படலைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள், ஒரு கொளுஞ்சியை வேரோடு பிடுங்கி வெளியே வீசுகிறாள். ஆடுகள் அதை முகர்ந்துவிட்டு, திறந்து கிடக்கும் படல் வழியாக உள்ளே வருகின்றன.