இறுகிய அரைஞாண்

அப்பாவின் அரைஞாண் கயிறு இறுகியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கூலி வேலையில் ஒட்டிப்போன வயிறு அது. "மவன் உத்தியோகத்துக்குப் போனதும் மச்சானுக்குத் தொந்தியப் பாருங்க!" என்று செந்துறை மாமா கேலி செய்தார். அம்மா நீளமான கயிறு கட்டிவிட்டார்.

பிறகு கால் வீங்கியது, கண் மஞ்சளானது. ஒருநாள் அப்பா என்னையே, "நீங்க எந்தூரு தம்பி?" என்று கேட்டார். அது எண்பதுகள். பதறித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"வயித்துல இருக்கறது சதை இல்ல, தண்ணி. ஈரல் சுருங்கிப்போச்சு," என்றார் டாக்டர்.

"அப்பா குடிக்கவே மாட்டாருங்க சார்."

"குடிக்காதவங்களுக்கும் வரும். இனி வேற ஈரல்தான் வைக்கணும். வெளிநாட்டுல செய்றாங்க, இங்க இன்னும் வரல."

மருந்தில் தண்ணீர் வடிந்து நினைவு தெளிந்தது. பஸ்ஸில் அப்பா, நழுவும் கயிற்றைப் பிடித்தபடி, "சரியாயிட்டேன்ல?" என்றார். நான் அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டேன்.

இப்போது கைகால் மெலிந்தவருக்கு வயிறு மட்டும் உப்பினால் நான் சிரிப்பதில்லை. கண்ணைப் பார்க்கிறேன், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன்.