அடுப்பு வண்டி

எண்ணெய்க் கப்பல் வராமல் போன அந்த ஒன்றரை வருடமும் அப்பா ஓட்டிய பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது. மரக்கடையில் கழித்துப்போட்ட துண்டுகளையும் உடைந்த பெட்டிகளையும் அதில் போட்டு மூடிப் புகையவிட்டால் வாயு கிளம்பும். அதை வடிகட்டித்தான் எஞ்சின் ஓடியது. குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டி, நீலமாக எரிந்தால்தான் அப்பா சீட்டில் ஏறுவார். மேடு வந்தால் பயணிகள் சிரித்துக்கொண்டே இறங்கி நடப்பார்களாம். இன்று பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் என்ன கத்து கத்துகிறோம்! நான் பார்க்காத அந்தக் காலத்துக்காக எனக்கு இன்னும் ஏக்கம்தான்.

அதே பஸ்ஸில் அம்மா கண்டக்டர். அப்போது இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவின் மனசெல்லாம் தினமும் முன்சீட்டில் வரும் டைப்பிஸ்ட் பெண்மேல். வாயைத் திறந்து சொல்லத்தான் மனிதருக்குத் துப்பில்லை.

அந்தப் பெண்ணுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒன்பது மணி ரயிலை விட்டால் வேலை போய்விடும். அன்று பார்த்து விடிகாலையில் கொட்டிய மழையில் ஷெட் ஒழுகி, விறகு முழுக்க நனைந்துவிட்டது. ஈர விறகைப் போட்டால் வடிகட்டி அடைத்துக்கொண்டு வண்டி பாதி வழியில் படுத்துவிடும். அப்படி நின்றிருந்தால் யாரும் அப்பாவைக் குறை சொல்லியிருக்க முடியாது. அவளும் ஊரிலேயே இருந்திருப்பாள்.

அப்பா ஷெட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் அறைக்குப் போனார். மரக்கட்டிலை இழுத்து வந்து கோடாலியை ஓங்கினார்.

"டிரைவர் சார், புத்தி கெட்டுப்போச்சா? எங்க படுப்பீங்க?" என்றாள் அம்மா.

"தரை இருக்குல்ல. தள்ளி நில்லுங்க கண்டக்டரம்மா, தெறிக்கும்."

"அவங்க போனா திரும்பி வரமாட்டாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்காக?"

ரயில் புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது பஸ் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வரும்போது அப்பா ஓட்டிக்கொண்டே அழுதார். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா காலமான பிறகுதான் இதையெல்லாம் அம்மா சொன்னாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"வேற ஒருத்திக்காகக் கட்டிலை வெட்டின ஆளைப் போய் ஏம்மா கட்டிக்கிட்டே?"

"ஆசைப்பட்டவளை நிறுத்திவைக்க நாலு ஈர விறகு போதும்டி. அதைக்கூடப் போடாத மனுஷன், என்னை மட்டும் எங்க போகவிடாம தடுக்கப் போறாரு?"