திருமுடிவாக்கத்துக்குப் படகு வந்தது

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மறைமலை நகர் கார் கம்பெனிகளுக்கு பிராக்கெட் செய்து கொடுத்துக் காலம் தள்ளுகிறவள். கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு, கையில் சுண்டலோடு கரையில் நிற்பது மட்டுமே. அப்படிப்பட்டவளின் வாசலில் ஒருநாள் காலை ஒரு படகு வந்து நின்றது.

டிரெய்லரில் ஏற்றியிருந்தார்கள். மிளகாய்ச் சிவப்பு. அதைப் பார்க்க டீக்கடை மொத்தமும் கிளம்பி வந்துவிட்டது. கொண்டுவந்தவர் முடிச்சூர் பக்கத்துக்காரர். அவர் அப்பா நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது அபார்ட்மெண்ட். வாடகை வருகிறது, பொழுது போகவில்லை. ரேஸ் படகு வாங்கிவிட்டார்.

"அக்கா, பின்னாடி ஒரு இஞ்சின்தான் கீது. பத்தல. பெருசா ரெண்டு தொங்க வுடணும். இஞ்சின மாட்டக் கடையில விக்கிற மவுண்ட் இதுக்கு செட் ஆவல. நீ பண்ணிக் குடு. இரும்புல போடு, கெத்தா இருக்கும்."

"இரும்ப உப்புத்தண்ணி தின்னுடும் சார். அலுமினியத்துலதான் பண்ணணும்."

"அலுமினியமா? இட்லிக் குண்டான் மாதிரி இருக்குமேக்கா!"

"இட்லிக் குண்டான் துருப்பிடிச்சு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

யோசித்தார். பார்த்ததில்லை போலிருக்கிறது. சரி என்றார்.

படகின் பின்பலகை சாய்வானது. முதலில் செய்த மவுண்டை வைத்துப் பார்த்தால், அதுவும் பலகையும் சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டன. என் வெல்டர் தலையில் கை வைத்தான். "பேஜாருக்கா இது!" வெட்டிப் போட்டுவிட்டு, தடிமனான தகட்டில் மறுபடி செய்தோம். ஒரு இஞ்சின் மூன்று ஆள் கனம் இருக்கும். அதனால் மவுண்டைப் பலகையில் முடுக்கி, நான், வெல்டர், டீ மாஸ்டர் மூவரும் ஏறி உட்கார்ந்து குதித்தோம்.

"ஒடஞ்சா யாருக்கா பொறுப்பு?" என்றார் டீ மாஸ்டர்.

"மூணு பேர்ல யாரு குண்டோ அவருதான்."

உடையவில்லை.

கோவளத்துக்கு அந்தாண்ட கடலில் ஓட்டிப் பார்த்தபோது, "பண்ணவங்களும் ஏறணும்" என்று முடிச்சூர்க்காரர் என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் கடலைப் பார்த்து ஓட்டினார். நான் முதுகைக் காட்டித் திரும்பி என் வெல்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இஞ்சின்கள் அலறின. படகு தண்ணீரைத் தொட மறந்தது. தெரிந்த சாமிகள் பெயரெல்லாம் தீர்ந்துபோனது.

டமால் என்று ஒரு சத்தம். அவர் சீட்டோடு பிய்த்துக்கொண்டு வந்து என் முதுகில் விழுந்தார். ஓட்டுகிறவர் விழுந்தால் இஞ்சின் நிற்பதற்காக அவர் கையில் ஒரு கயிறு மாட்டியிருந்தது. நல்லவேளை, நின்றது. ஆனால் அந்தக் கயிறு அவர் கையிலிருந்தும் கழன்று கடலுக்குள் போய்விட்டது. அது இல்லாமல் மறுபடி கிளம்பாது.

"அய்யோ, மவுண்ட் பூட்ச்சாக்கா?"

"அது அசையவே இல்ல சார். நீங்கதான் கழண்டுட்டீங்க."

மீன்பிடித்துத் திரும்பிய ஒரு படகு எங்களைக் கட்டி இழுத்தது. அதில் இருந்தவர் எங்கள் இஞ்சின்களைப் பார்த்துச் சிரித்தார். "இம்மாம் பெரிய இஞ்சின் ரெண்டு வெச்சிகினு எங்கிட்ட கயிறு கேக்கிறியே!"

கரையேறியதும் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு, சீட்டை மாட்டியது யார் என்று கேட்டேன்.

"என் மச்சான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

குடும்ப விஷயம். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.