புனிதாவின் ரெண்டு சீட்டுக் காடி

ஈப்போவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற புனிதா, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ஒருநாள், கூரையை மடக்கித் திறக்கிற காடி ஒன்றை வாங்கி வந்து, புந்தோங்கில் இருக்கும் தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள். கரும்பச்சை நிறம், கறுப்புத் துணிக்கூரை, ஜப்பான்காரன் செய்த கார், வயதானது. ஆயர் தாவாரில் இருக்கும் அப்பாவு என்ற அவளுடைய அண்ணனுக்கு அன்று சாயங்காலத்துக்குள் செய்தி எட்டிவிட்டது. காம்பாரில் இருக்கும் சித்தி மகள் தினேஸ்வரிக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். எங்கள் ஆட்களுக்கு நல்லது கெட்டது தெரிய நேரமாகலாம், அடுத்தவர் வாங்கிய காடி மட்டும் உடனே தெரிந்துவிடும்.

"இந்த வயசுல என்னாத்துக்குடி இது?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ராக்காயி.

"ஆசைதான்லாக்கா," என்று சொல்லி வைத்தாள் புனிதா.

ஆசைதான். ஆனால் கூரை மீது வந்த ஆசையைவிட சீட்டு மீது வந்த ஆசை அதிகம். அந்தக் காடியில் இரண்டே சீட்டு. ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவள் கைப்பைக்கு.

இது புரிய வேண்டுமானால் அவள் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயன் வீட்டில் பிறந்தவள். பால் மரங்களை வெட்டிவிட்டுச் எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டபோது ஆட்கள் நாலா பக்கமும் கலைந்தார்கள். புனிதா ஈப்போவுக்கு வந்து தொழிற்சாலையில் கொஞ்ச காலம் நின்றே வேலை செய்தாள், கால் வீங்கியது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்தாள், வேன் ஓட்ட லைசென்ஸ் எடுத்தாள். கல்யாணம் அமையவில்லை. அதற்காக வருத்தப்பட அவளுக்கு நேரமும் கிடைக்கவில்லை, ஏனென்றால் சொந்தக்காரர்கள் விடவில்லை.

வேன் வைத்திருக்கிறாள், குடும்பம் இல்லை. இந்த இரண்டும் ஒருத்தியிடம் சேர்ந்து இருந்தால் போதும், குலமே ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாருக்காவது வயிற்று வலியா, ஆஸ்பத்திரிக்குப் புனிதா. ஊரிலிருந்து விருந்தாளியா, விமான நிலையத்துக்குப் புனிதா. தைப்பூசம், காது குத்து, கருமாதி, எல்லாவற்றுக்கும் புனிதா. கேட்கிறவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அவள் வாயிலிருந்து "சரி, வாரேன்" என்று வந்துவிடும். வந்த பிறகு தன் வாயைத் தானே திட்டிக்கொள்வாள். மாட்டேன் என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவார்களே என்று ஒரு பயம். அது அவளுக்குச் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பயம். அதைப் பிய்த்து எறியத் தெம்பில்லாமல்தான், யாரும் கேட்கவே முடியாத ஒரு காடியை வாங்கினாள்.

வாங்கியவள் அதைப் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். பெற்றவள்கூட அப்படிப் பார்க்க மாட்டாள். அந்த மாதிரிக் காடி வைத்திருப்பவர்களின் வாட்சப் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டாள். அதில் எல்லாம் ஆண்கள், எல்லாருக்கும் எஞ்சின் சத்தத்தைப் பற்றித்தான் பேச்சு. புனிதா கூரையைப் பற்றிக் கேட்டாள். துணியை எதைப் போட்டுக் கழுவுவது, எப்படிக் காய வைப்பது என்று கேட்டாள். கேட்டதைச் செய்தாள். மென்மையான பிரஷ்ஷால் துணியின் நெசவு போகும் போக்கிலேயே தேய்ப்பாள், தேய்த்த சோப்பு துளி நிற்காமல் அலசுவாள். பறவை எச்சம் விழுந்தால் வேனைக் கிளப்புவதை நிறுத்திவிட்டு முதலில் அதை நனைத்துத் துடைப்பாள், காய்ந்துபோனால் கறை துணிக்குள் இறங்கிவிடும் என்பது அவளுக்குப் பாடம். தண்ணீர் ஒட்டாமல் இருக்க அடிக்கிற மருந்தையும் அவ்வப்போது அடிப்பாள்.

கூரை கண்ணாடியோடு சேரும் இடத்து ரப்பர் காய்ந்து வெடிக்கிறதே என்று ஒருநாள் அவள் புலம்பியபோது, ராக்காயி ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து நீட்டினாள். தலைக்கு நல்லது, காடிக்கு மட்டும் கெடுதலா என்பது அவள் கணக்கு. புனிதா நல்லவேளையாகத் தடவுவதற்கு முன் குழுவில் கேட்டாள். வேண்டாம் வேண்டாம் என்று ஆளாளுக்கு அலறினார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பி இளகிவிடும், சிலிகான் போட்ட மருந்தைத்தான் லேசாகத் தடவ வேண்டும். தலைமுறை தலைமுறையாக ரப்பர் பால் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவளுக்கு, ரப்பரைப் பற்றி முகம் தெரியாத ஒருவன் வாட்சப்பில் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்தது. எண்ணெய் வீணாகாமல் தலைக்குப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூரையைத் திறந்து, தொப்பி போட்டுக்கொண்டு, தாப்பா வரைக்கும் தனியாகப் போய் நுரை பொங்க ஆற்றின தே தாரேக் ஒன்று குடித்துவிட்டுத் திரும்புவாள். வழி நெடுக யாரும் "அக்கா, ஏசி பத்தல" என்று சொல்ல மாட்டார்கள். மதியத்துக்கு மேல் ஈப்போ வானத்தை நம்ப முடியாது, அதற்குள் வீட்டுக்கு வந்து கூரையை மூடிவிடுவாள். அந்தக் காலை நேரம் அவளுக்குச் சொர்க்கம். அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அண்ணன் அப்பாவு, தன் மகன் பவித்ரனின் கல்யாண விஷயமாகப் போன் செய்தார்.

"புனிதா, பவித்ரன் கல்யாணத்துக்கு ஒங் காடி வேணும். மாப்ள, பொண்ணு ரெண்டு பேரும் கோயில்லேருந்து மண்டபத்துக்கு அதுல போவட்டும். கூரயத் தொறந்து வுட்டா ஜோரா இருக்கும்லா."

"அண்ணே, அது ரெண்டு சீட்டுதான். நான் ஓட்டுனா பொண்ணு எங்கண்ணே ஒக்காரும்?"

"நீ எதுக்கு ஓட்டணும்? பவித்ரன் ஓட்டுவான். மொத நாளே வந்து எடுத்துக்குவான். நீ வேன எடுத்துட்டு வா. ஈப்போவுல நம்மாளுங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்கள ஏத்திட்டு வர ஆளு வேணுமில்ல?"

அந்த நொடியில் புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டேன் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தாள். "சரிண்ணே" என்றது வாய்.

சொன்ன பிறகு மனசு ஆறவில்லை. கொடுப்பதுதான் கொடுக்கிறோம், முறையாகச் சொல்லிக் கொடுப்போம் என்று அண்ணனுக்குக் குரல் செய்தி ஒன்று அனுப்பினாள்.

"அண்ணே, கூரத் துணியில டேப்பு எதையும் ஒட்டிராத, பிச்சா மேல்பூச்சு கையோட வந்துரும். ரிப்பனக் கதவுப் புடியில கட்டு. போனெட்டு மேல சூடம் ஏத்தாத, தரையில ஏத்திக்க. கூர ஈரமா இருந்தா மடக்கக் கூடாது, மடிப்புல பூஞ்ச புடிச்சுரும். மடக்குறதுக்கு முன்னால, பின் பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியோட ஜிப்ப அவுத்துரணும், இல்லன்னா அது மடங்கிக் கோடு விழுந்துரும். கார் வாஷுக்கு வுட்டா, தண்ணி பீச்சுறதத் தையலு கிட்ட கொண்டாரக் கூடாதுன்னு சொல்லு. அப்புறம் இதான் முக்கியம்ணே. காடி தொறந்திருக்கப்ப யாரும் அரிசி போடக் கூடாது. சீட்டுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் மழத்தண்ணி எறங்கிப் போற ஓட்ட இருக்கு. அரிசி உள்ள போனா அடச்சுக்கும்."

அண்ணனிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. முக்கியமானதைக் கடைசியில் சொல்வது புனிதாவின் பழக்கம். எதையும் கடைசி வரைக்கும் கேட்காதது அப்பாவுவின் பழக்கம்.

கல்யாணத்தன்று புனிதா வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆயர் தாவாருக்கு வந்தாள். கோயில் வாசலில் அவள் காடி கூரை திறந்து நின்றது. ரிப்பன் கதவுப் பிடியில்தான் கட்டியிருந்தது, டேப்பு எங்கும் இல்லை. பரவாயில்லையே என்று நினைத்தாள். பவித்ரனும் பெண்ணும் மாலையும் கழுத்துமாக வந்து ஏறி உட்கார்ந்தார்கள். அப்போது யாரோ ஒரு பெரியம்மா மஞ்சள் அரிசித் தட்டோடு முன்னால் வந்தாள். இத்தனை அழகாக மேலே திறந்திருக்கும்போது யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? தாலி கட்டும்போது போட்டது போதாது என்று ஆளுக்கு ஒரு கை அள்ளினார்கள். பொண்ணு மேல் பாதி, காடிக்குள் பாதி.

"அரிசி வேணாம்" என்று சொல்லப் புனிதா முன்னால் ஓடினாள். பவித்ரன் அவளைப் பார்த்துவிட்டான். நடை பழகிய நாளிலிருந்து அவள் வேனில் முன்சீட்டுக்கு அடம் பிடித்த பயல், இன்று பட்டுவேட்டி கட்டி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, நீங்க போடலியா?" என்று கேட்டான்.

புனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு கை அள்ளி அவளும் போட்டாள். பாசம் வந்தால் புத்தி கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும். காடி மண்டபத்தைப் பார்த்து ஊர்வலமாகக் கிளம்பியது. பின்னால் சொந்தக்காரர்கள் நிறைந்த வேனை ஓட்டிக்கொண்டு, தன் காடியின் பின்புறத்தைப் பார்த்தபடி புனிதா போனாள்.

காடி பளபளவென்று கழுவித்தான் திரும்பி வந்தது. அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தவள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். பழைய சோற்று வாடை. எங்கே எது கெட்டுப் போனாலும் அவளுடைய முதல் சந்தேகம் வேன் பிள்ளைகள் மேல்தான் போகும், ஆனால் அந்தக் குட்டிகள் இந்தக் காடியில் ஏறினதே இல்லை. காலை உள்ளே வைத்தாள். கார்ப்பெட் சதக்கென்று தண்ணீர் விட்டது.

சீட்டுகளை முன்னால் தள்ளி, கூரைத் துணியின் ஓரத்தை விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு பக்கத்து ஓட்டைகளிலும் மஞ்சள் அரிசி ஊறி உப்பி, கட்டை மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. வெளியே போக வேண்டிய மழைத் தண்ணீர் வழியில்லாமல் வழிந்து உள்ளே இறங்கியிருந்தது. கம்பி விட்டுக் குத்தினால் குழாய் கிழிந்துவிடும் என்று தெரிந்திருந்ததால், புல் வெட்டுகிற மிஷினின் நைலான் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி மெல்ல மெல்ல விட்டு ஆட்டினாள். புளித்த அரிசி கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்து, அது காடிக்கு அடியில் சொட்டிய பிறகுதான் நிமிர்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. கார்ப்பெட்டைக் கழற்றி வேலியில் போட்டாள்.

கோபம் கோபமாக வந்தது. அண்ணன் மேல் வந்தது. அரிசித் தட்டோடு வந்த பெரியம்மா மேல் வந்தது. ஆனால் அந்த அரிசியில் அவள் போட்ட ஒரு கையும் இருந்ததே. யோசித்துப் பார்த்தால் எல்லாக் கோபமும் ஒரே இடத்தில் வந்து நின்றது. மாட்டேன் என்று சொல்ல நினைத்த வாய் சரி என்று சொன்ன இடம் அது. தனக்கென்று ஒன்றே ஒன்றைத்தான் வாங்கினாள், அதைக்கூட வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று வேலியோரமாக உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

கார்ப்பெட் காய்வதற்குள் காம்பாரிலிருந்து தினேஸ்வரி போன் செய்தாள். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எதற்காகக் கூப்பிடுகிறாள் என்று எடுக்கும்போதே புனிதாவுக்குத் தெரியும்.

"அக்கா, பவித்ரன் கல்யாணத்துல ஒங்க காடிய எல்லாரும் போட்டோ எடுத்துப் போட்டாங்கல்ல. மக அதேதான் வேணும்னு நிக்குது. தருவீங்களாக்கா?"

காடி நனைந்து கிடக்கிறது, ரிப்பேர் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் காய்ந்த பிறகு மறுபடி கேட்பார்களே. புனிதா கண்ணை மூடிக்கொண்டாள். 

"இல்ல தினேஸ். காடிய நான் யாருக்கும் தரதா இல்ல. அன்னிக்கு வேனும் எடுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டாள். போச்சு, உறவே அறுந்தது என்று நினைத்தாள் புனிதா.

"ஓ, சரிக்கா. அப்ப வாடகைக்குப் பாத்துக்கிறோம். கல்யாணக் காடி விடுறவங்க இங்கயே இருக்காங்க. நீங்க பசியாறிட்டீங்களா?"

அவ்வளவுதான். அழுகை இல்லை, கோபம் இல்லை, பேச்சு நின்றுபோகவில்லை. பத்து நிமிஷம் ஊர்க் கதை பேசிவிட்டுத்தான் தினேஸ்வரி வைத்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டு புனிதா அப்படியே நின்றாள். முதலில் நிம்மதியாக இருந்தது, அப்புறம் சுருக்கென்று வலித்தது. இத்தனை வருஷமாக அவள் இல்லாவிட்டால் நடக்காது என்று ஓடிய ஓட்டமெல்லாம், அவள் இல்லாமலும் நடந்திருக்கும். அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். இல்லை என்று சொல்லியிருந்தால் போயிருப்பார்கள்.

தினேஸ்வரி மகள் கல்யாணத்தன்று புனிதா கூரையைத் திறந்துவிட்டுக் காம்பாருக்குத் தனியாக வந்து சேர்ந்தாள். வழியில் யாரையும் ஏற்றவில்லை. மண்டப வாசலில் இறக்கிவிட ஆள் இல்லை, திரும்பிப் போய் இன்னொரு லோட்டு ஏற்றி வர வேலையும் இல்லை. முடி கலைந்து கிடந்தது, ஒதுக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். தாலி கட்டுவதை உட்கார்ந்து பார்த்தாள். முதல் பந்தி போட்டதும் தினேஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தாள்.

இலையில் சோற்றைப் போட்டார்கள், ஆவி பறந்தது. இத்தனை வருஷம் எல்லாக் கல்யாணத்திலும் எல்லாரையும் ஏற்றி இறக்கிவிட்டுக் கடைசிப் பந்தியில் ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். கல்யாண வீட்டுச் சோறு சூடாக இருக்கும் என்று புனிதாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.