படிவத்தின் கடைசி வரி

செல்வநாயகி எனக்கு மச்சாள் முறை. என் அம்மாவின் கடைசித் தம்பியின் மகள். எண்பத்தெட்டில் ஆக்லாந்தின் மனுரேவாப் பகுதியில் ஒரு வெள்ளைக்கார லோயரின் கந்தோரில் முன்மேசையில் இருந்தாள். வருகிற ஆட்களுக்கு ஒரு படிவம் கொடுப்பாள். பெயர், விலாசம், என்ன அலுவல். கடைசி வரியில், உங்களை யார் அனுப்பினார்கள் என்று ஒரு கேள்வி. எந்த விளம்பரம் ஆள் கொண்டுவருகிறது என்று லோயருக்குத் தெரிய வேண்டுமாம். லோயர்மாரும் விளம்பரம் செய்யலாம் என்று இந்த நாட்டில் அனுமதித்து அப்போது கொஞ்சக் காலம்தான்.

எங்கள் ஆட்களுக்கென்று தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதும் வேலை இவளிடம் வந்தது. வழக்கு முடித்த ஒருவர் பெயரோடு நல்லதாக நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்றார் லோயர். இவள் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். லோயரிடம் போனோம் என்று ஊரறியப் பெயர் போட எங்கள் சனத்தில் யார் சம்மதிப்பார்?

"பிள்ளையளுக்குக் கலியாணம் பேச வேண்டாமோ?" என்று, அங்கே வழக்கு முடித்த யோகராணி கதவைச் சாத்தினாள்.

இந்த வேலை நிலைத்தால்தான் செல்வநாயகியின் தம்பிக்கு விசா எடுக்கலாம். அதனால் செத்தவர் ஒருவரின் பெயரைப் போட்டுவிட்டாள்.

குணரத்தினம். அவளுக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. காணி வழக்கொன்று இருபது வருடம் இழுபட, தீர்ப்புக் கேளாமலே எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடியவர். பிளேன் ஏறி அறியாதவர். 'என் காணி வழக்கை வென்று தந்தார்கள். நம்பி வாருங்கள். குணரத்தினம், பிளாக்ஹவுஸ் பே' என்று ஆக்லாந்து விலாசம் ஒன்றோடு எழுதினாள்.

சனம் வரத் தொடங்கியது. கடைசி வரியில் ஆளுக்காள் குணரத்தினம் என்றே எழுதினார்கள். பிரசுரம் பலிக்கிறது என்று அவளுக்குச் சந்தோஷம். பிறகு தவராசா என்றொருவர் வந்தார். அவர் பிரசுரத்தைக் கண்டதே இல்லை.

"மனுரேவா ரெயினிலை பக்கத்திலை இருந்தவர், பிள்ளை. இடக்கையாலை விலாசம் எழுதித் தந்தவர். கதைக்கேக்கை வாய் ஒரு பக்கம் இழுபட்டது."

மாமா இடக்கையர். பாரிசவாதம் வந்தபிறகு அவருக்கு வாய் இழுபட்டது. ஆக்லாந்தில் அதை அறிந்தவர்கள் நானும் அவளும்தான்.

அந்தக் கிழமையே லோயர், இத்தனை பேரை அனுப்புகிற மனிதரை வெள்ளிக்கிழமை கூட்டிவா, பத்திரிகைக்குப் படம் எடுப்போம் என்றார். அவள் என்னிடம் ஓடிவந்தாள்.

"உண்மையைச் சொன்னா வேலை போயிடும், மச்சாள்."

"சொல்லாட்டி ஆரைக் கொண்டுபோய்க் கதிரையிலை இருத்தப் போறாய்?" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை போய், அந்த மனிதர் செத்து ஒன்பது வருடம் என்று சொல்லிவிட்டாள். லோயர் கோபிக்கவில்லை. படத்துக்கு அவர்தான் வந்தார் என்றல்லவா நினைத்தேன், அப்படியென்றால் இது யார் என்று ஒரு படிவத்தை நீட்டினார். அவள் வருமுன்னே, கதவு திறந்த கையோடு ஒரு கிழவர் வந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு வருவதாகச் சைகை காட்டிப் போனாராம். தமிழில் இருக்கிறது, வாசித்துச் சொல் என்றார்.

இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பெயர்: குணரத்தினம். அலுவல்: காணி வழக்கு, இன்னும் முடியவில்லை. யார் அனுப்பினார்கள்: செல்வநாயகி.

அவள் வாசித்துச் சொல்லவில்லை. படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அன்றே வேலையை விட்டாள். தம்பியின் விசா இரண்டு வருடம் பிந்தியது. மாமாவின் வழக்குக் கடதாசிகளைத் தேடி எடுக்கச் சொல்லி இன்றும் ஊருக்குக் கடிதம் போடுகிறாள். மனுரேவா ரெயினில் மட்டும் ஏறமாட்டாள்.