அம்மா கை தூக்காத கூட்டம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பன்னீர் திராட்சை கொதிக்கிற வாசனை வரும்...

பக்கத்து வீட்டு கமலா ஆன்ட்டி திராட்சையை வேகவைத்து, மல் துணியில் வடிகட்டி, எவர்சில்வர் தூக்கில் ஊற்றி வைப்பார். மறுநாள் அம்பத்தூரில் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் திருவிருந்து, இயேசுவை நினைத்து அப்பமும் ரசமும் எடுக்கிற நாள். ஒயின் கிடையாது, அந்தச் சாறுதான். சின்னச் சின்ன கண்ணாடி கிளாஸில் ஊற்றித் தட்டில் வைத்து, வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள்.

அப்பா அந்தத் தட்டைத் தட்டிவிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது.

அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டர். நல்ல வேலைக்காரர், மோசமான குடிகாரர். அந்த ஞாயிறு காலையிலேயே குடித்துவிட்டு அம்மாவைத் தேடி ஆராதனைக்கு நடுவில் வந்தார். தட்டோடு குறுக்கே வந்த கமலா ஆன்ட்டியை ஒரு தள்ளு. கிளாஸ் எல்லாம் சிதறி, ஆன்ட்டி உள்ளங்கை கிழிந்தது. வெள்ளைப் புடவை முழுக்க ரத்தமா சாறா என்று தெரியாமல் நான் அழுதுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்ததோ, அப்பா குடியை விட்டார். யாரும் நம்பவில்லை. நானும்தான். ஆனால் ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம்... வீட்டில் பாட்டில் இல்லை.

பிறகு ஒருநாள் பாஸ்டரிடம் போய், ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார்கள். வயது வந்த பிறகு, தான் மாறிய கதையை எல்லார் முன்னாலும் தன் வாயால் சாட்சியாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அங்கத்தினர்கள் கை தூக்கிச் சம்மதம் சொன்னால்தான் தண்ணீரில் முழுக்கு. அதில் பாஸ்டருக்கும் ஒரு கைதான், பூ கட்டும் அக்காவுக்கும் ஒரு கைதான்.

ஆராதனை முடிந்து கூட்டம் நடந்தது. பிள்ளைகள் நாங்கள் பின்னால் பாயில். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் முன்னால் நின்றார். குடித்ததைச் சொன்னார், தட்டைத் தள்ளியதைச் சொன்னார், கமலா ஆன்ட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். யாருக்காவது கேள்வி உண்டா என்று பாஸ்டர் வழக்கம்போல் கேட்டார்.

கமலா ஆன்ட்டி எழுந்தார். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவர், மனதில் பட்டதை நேராகத்தான் பேசுவார்.

"என் கை கிழிஞ்சத நான் அன்னிக்கே மறந்துட்டேன் பாஸ்டர். ஆனா இவரு இவ்ளோ நேரம் பேசினதுல எஸ்தர் பேரே வரலியே. ஊட்ல அந்தப் பொண்ணு வாங்கின அடிக்கு இவரு மன்னிப்பு கேட்டாரா?"

எஸ்தர் என் அம்மா.

பாஸ்டர் அம்மா பக்கம் திரும்பினார். விருப்பம் இல்லையென்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றார். சபையில் அம்மா பேசி நான் கேட்டதே இல்லை. மெதுவாக எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னும் கேக்கல பாஸ்டர். குடிய விட்டது நெசந்தான், எனக்குச் சந்தோஷந்தான். ஆனா ஃபேன் சுவிட்சு போட அவிய கையத் தூக்குனாக்கூட நான் இன்னும் தல குனியுதேன். ஒரு ஆறு மாசம் போகட்டும்."

அன்று ஓட்டெடுப்பு நடக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஒரே பயம். இன்றைக்குத் திரும்பக் குடிப்பார், அம்மாவுக்கு இருக்கிறது என்று நினைத்தேன். அப்பா குடிக்கவில்லை. மூன்றாம் நாள், அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னையும் தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு, "எஸ்தர், நான் உன்ன அடிச்சது தப்பு" என்றார்.

அம்மா நிமிரவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். ஆறு மாசத்தைக் குறைக்கவும் இல்லை.

அந்த ஆறு மாதமும் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். திருவிருந்துத் தட்டு வந்தால், ஞானஸ்நானம் இன்னும் ஆகாததால், தான் எடுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். ஒரு துளி சிந்தாது. புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருகிற கமலா ஆன்ட்டி, ஜெபம் முடிந்ததும் நேராகச் சமையலறைக்குப் போவார். "எப்டி கீற எஸ்தரு?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவின் கையை, கழுத்தை ஒரு பார்வை பார்ப்பார். அவர் பார்ப்பது அப்பாவுக்கும் தெரியும்.

இரண்டாவது கூட்டத்தில் அப்பா அதிகம் பேசவில்லை. சம்மதிக்கிறவர்கள் கை உயர்த்தலாம் என்று பாஸ்டர் சொன்னார். யாரும் உடனே தூக்கவில்லை... எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா கை தூக்கினாள். அப்புறம்தான் மற்ற கைகள்.

அடுத்த ஞாயிறு மேடைப் பலகையைக் கழற்றி, கீழே இருந்த தொட்டியில் ஹோஸ் போட்டுத் தண்ணீர் நிரப்பினார்கள். முங்கும்போது வாயை மூட மறந்து, அப்பா இருமிக்கொண்டே எழுந்தார். பாட்டுக்கு நடுவே சிரிப்பு. கரையில் துண்டோடு நின்றது அம்மா.

இப்போது எங்கள் சபைக்கு ஏசி வந்துவிட்டது, பாட்டு எல்லாம் ஸ்கிரீனில். குவார்ட்டர்ஸை விட்டு எல்லோரும் போய்விட்டோம். நாங்கள் மேனாம்பேட்டில், கமலா ஆன்ட்டி மகனோடு திருவேற்காட்டில். வீட்டுக் கஷ்டத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அம்பது பேர் கைகூப்புகிறார்கள். சமையலறை வரை வந்து பார்க்கிறவர்கள் குறைந்துபோனது கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனால் கை தூக்குகிற வழக்கம் மட்டும் மாறவில்லை. போன மாதம் ஒரு தம்பி சாட்சி சொன்னான், நன்றாகவே பேசினான். எல்லோரும் தூக்கிய பிறகும் பக்கத்தில் அம்மா கை மடியிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூக்கினாள்.

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அந்தப் பையன் பேசுனது காதுல விழுந்துச்சு. அவன் பொண்டாட்டி மொகத்தப் பாக்க வேண்டாமா? அதான் பாத்துட்டுத் தூக்குனேன்."